மனம் அகராதியா, நிகண்டா?

கேள்வி இது: "பிரான்ஸின் தலைநகர் பாரிஸ் என்று எனக்குத் தெரியும். அதை எந்த வயதில், யாரிடம் கற்றேன் என்று தெரியாது. தேர்வுக்காக நான் படிக்கும் இதுபோன்ற ஆயிரக்கணக்கான பொது அறிவுச் செய்திகள் மூளைக்குள் எந்த வரிசையில் அடுக்கப்படுகின்றன? ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெரா என்று நன்றாகத் தெரிந்தும் சிட்னி என்றே முதலில் வாயில் வருகிறதே, ஏன்?" இதற்குள் ஒரு சந்தேகமும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. எல்லோருக்கும் உள்ளே ஒழுங்கான அலமாரி ஒன்று இருக்கிறது, என்னுடையது மட்டும் கலைந்து கிடக்கிறதோ என்பதுதான் அது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அலமாரி என்று ஒன்று யாருக்கும் இல்லை. ஆனால் ஒழுங்கு இருக்கிறது. அது என்ன மாதிரியான ஒழுங்கு என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. உளவியல் படித்தவன், இருபது ஆண்டுகளாக ஒரு நரம்பியல் பிரிவில் நினைவாற்றல் சோதனைகள் செய்து வருகிறேன். எதிரே அமர்ந்திருப்பவரிடம் ஓர் அட்டையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. மூளையைப் படமெடுத்து ஆராய்பவன் அல்லன். அந்தப் பகுதி வரும்போது, படித்துத் தெரிந்துகொண்டவன் என்ற அளவில்தான் பேசுவேன்.

"பொது அறிவு" என்ற சொல்லைக் கேட்டதும் வினாடி வினாதான் நினைவுக்கு வருகிறது. நினைவாற்றலை ஆராய்பவர்கள் அந்தச் சொல்லை இன்னும் அகலமாகப் பிடிக்கிறார்கள். நெருப்பு சுடும், பறவை முட்டையிடும், சாவி பூட்டைத் திறக்கும், திங்களுக்கு அடுத்தது செவ்வாய் ஆகிய எல்லாமே அதில் சேரும். யாரும் நம்மைத் தேர்வில் கேட்காத அறிவுதான் அதில் பெரும்பகுதி. 1972இல் எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் இதைத் தனியே பிரித்து, நடந்ததை நினைப்பது வேறு, உலகைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு என்று வாதிட்டார். முன்னது நிகழ்வு நினைவு, பின்னது பொருண்மை நினைவு. பாரிஸ் தெரிந்து, அதைக் கற்ற நாள் தெரியாமல் இருக்கிறதே, அந்த இடைவெளியைத்தான் அவர் குறிப்பிட்டார். பல முறை, பல இடங்களில் கேட்ட ஒரு செய்தியிலிருந்து இடமும் நாளும் உதிர்ந்துபோய்ச் செய்தி மட்டும் தங்குகிறது. அது மறதி அல்ல, பழுக்கும் முறை.

இந்தப் பிரிவு உண்மையானது என்பதில் பெரிய ஐயம் இல்லை. டல்விங் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஒருவர் கே.சி. என்ற முதலெழுத்துகளால் அறியப்படுகிறார். 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவர். விபத்துக்கு முன் கற்ற உலக அறிவு அவரிடம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. தம் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்வார்; அந்த வீட்டில் தமக்கு நேர்ந்த ஒரே ஒரு சம்பவத்தைக்கூடச் சொல்ல முடியாது. தம்பி இறந்துவிட்டான் என்பது தெரியும், அந்தச் செய்தி வந்த நாள் நினைவில் இல்லை. 1997இல் ஃபரானே வார்கா காதெமும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. பிறப்பின்போதோ சிறுவயதிலோ ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி கெட்டுப்போன மூன்று இளையவர்கள் அதில் வருகிறார்கள். காலையில் நடந்தது மாலையில் நினைவில்லை. ஆனால் மூவரும் சாதாரணப் பள்ளிகளில் படித்தார்கள், எழுதப் படிக்கக் கற்றார்கள், உலகச் செய்திகளையும் போதிய அளவு தெரிந்துகொண்டார்கள். ஆக, கற்ற நாளை நினைவில் வைக்காமலேயே பாடத்தை உள்ளே சேர்க்க முடிகிறது. இரண்டு நினைவுகளும் முற்றிலும் தனித்தனியா, ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்பதில்தான் இன்னும் சண்டை.

இனி அடுக்குமுறை. தமிழில் சொற்களைத் தொகுக்க இரண்டு வழிகள் உண்டு. அகராதி எழுத்து வரிசைப்படி போகும். அங்கே யானைக்குப் பக்கத்தில் யாழ் இருக்கும். அதற்கு முந்தைய நிகண்டு பொருள் வாரியாகத் தொகுக்கும். விலங்கு ஒரு தொகுதி, மரம் ஒரு தொகுதி, இடம் ஒரு தொகுதி. மனம் இவற்றில் எது? கையில் கடிகாரம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடிகிறது என்று பாருங்கள். என் மேசைக்கு வரும் ஏறத்தாழ எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன்; தயங்கும் இடத்தில் ஒரு கோடு போடுவேன். நல்ல நினைவாற்றல் உள்ள ஒருவரின் தாள் இப்படி இருக்கும்: சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, யானை. கோடு. பசு, எருமை, ஆடு, கழுதை, குதிரை. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி. நீண்ட கோடு. எலி, அணில், முயல். எண்ணிக்கையைவிட எனக்கு அந்தக் கோடுகள்தான் முக்கியம். பெயர்கள் கொத்துக் கொத்தாக வருகின்றன. ஒரு கொத்து தீர்ந்ததும் மௌனம். பிறகு வேறொரு கொத்து. குதிரையிலிருந்து வரிக்குதிரைக்கு மௌனமே இல்லாமல் தாவியதைப் பாருங்கள். வீட்டு விலங்கிலிருந்து காட்டு விலங்குக்கு, பெயரும் உருவமும் போட்ட பாலத்தின் மேல் போயிருக்கிறார். அகர வரிசையில் சொன்னவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கேட்காமலே மனம் வகைப்படுத்திக்கொள்ளும் என்பது பழைய கண்டுபிடிப்பு. 1953இல் வெஸ்டன் பௌஸ்ஃபீல்ட் நான்கு வகைகளைச் சேர்ந்த 60 சொற்களைத் தாறுமாறாகக் கலந்து படித்துக் காட்டினார். கேட்டவர்கள் திருப்பிச் சொன்னபோது அவை வகைவகையாகக் கூடி வந்தன.

அப்படியானால் நிகண்டுதான் என்று முடித்துவிடலாமா? 1969இல் ஆலன் காலின்ஸ், ராஸ் குவில்லியன் இருவரும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். மேலே விலங்கு, அதன் கீழே பறவை, அதற்கும் கீழே கேனரி என்ற மஞ்சள் குருவி. "பாடும்" என்ற செய்தி கேனரியிடம் இருக்கும். "பறக்கும்" என்பது பறவையிடம் ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கும். "தோல் உண்டு" என்பது விலங்கிடம். ஒவ்வொரு பறவையின் பெயருக்கு எதிரிலும் "பறக்கும்" என்று எழுதி இடத்தை வீணாக்க வேண்டியதில்லை. மிகச் சிக்கனமான கணக்குப்பிள்ளையின் பேரேடு. இது சரியென்றால், தொலைவிலுள்ள செய்தியை எடுக்க அதிக நேரம் ஆக வேண்டும். சோதித்தார்கள், ஆனது. கேனரி பாடும் என்பதை உறுதிசெய்ய ஏறத்தாழ 1.3 விநாடி, தோல் உண்டு என்பதற்கு ஏறத்தாழ 1.5 விநாடி. மாணவனாக இதைப் படித்தபோது, மனத்துக்குள் ஏணி வைத்து அளந்துவிட்டார்கள் என்று புல்லரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஏணி நெடுநாள் நிற்கவில்லை. நாய் ஒரு பாலூட்டி. பாலூட்டி ஒரு விலங்கு. ஏணியின்படி பார்த்தால் பாலூட்டிதான் பக்கத்துப் படி. ஆனால் "நாய் ஒரு விலங்கு" என்பதற்கு மக்கள் விரைவாக ஆம் என்கிறார்கள். "நாய் ஒரு பாலூட்டி" என்பதற்குத் தயங்குகிறார்கள். லான்ஸ் ரிப்ஸும் அவருடைய குழுவினரும் 1973இல் இதைக் காட்டினார்கள். அதே காலத்தில் எலினார் ராஷ் இன்னொரு பக்கமிருந்து வந்தார். ஒரு வகைக்குள் எல்லா உறுப்பினர்களும் சமம் அல்ல என்றார். சிட்டுக்குருவி பறவை என்று சொல்லக் கண் இமைக்கும் நேரம் போதும். பென்குயின் பறவை என்று சொல்லச் சற்று யோசிக்க வேண்டும். இரண்டும் ஏணியில் ஒரே படிதான், ஆனாலும் இரண்டும் மனத்தில் ஒரே தூரத்தில் இல்லை. ஒவ்வொரு வகைக்கும் நடுவில் அதன் "நல்ல" உதாரணங்கள் கூடியிருக்கின்றன. ஓரத்தில் சந்தேகப் பேர்வழிகள் நிற்கின்றன. ஓரம் என்பதும் கோடு அல்ல, மங்கல். 1978இல் மைக்கேல் மெக்ளாஸ்கி, சாம் க்ளக்ஸ்பெர்க் இருவரும் ஓரத்து உதாரணங்களைக் கேட்டபோது மக்கள் ஒருவரோடொருவர் முரண்பட்டார்கள்; சில வாரங்கள் கழித்துக் கேட்டால் தங்களோடு தாங்களே முரண்பட்டார்கள். பக்கவாதம் ஒரு நோயா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள், அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ராஷின் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு, மனத்தில் வரையறையே கிடையாது, எல்லாம் சாயல்தான் என்று சொல்பவர்கள் உண்டு. 1983இல் வந்த ஓர் ஆய்வு அவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம் தரும். ஒற்றைப்படை எண்ணுக்கு ஐயமற்ற வரையறை உண்டு. அதில் அதிகம், குறைவு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் 3 என்பது 447ஐவிட "நல்ல" ஒற்றைப்படை எண் என்று மக்கள் மதிப்பிட்டார்கள். ஆக, சாயலும் இருக்கிறது, வரையறையும் இருக்கிறது. சாயல் முந்திக்கொள்கிறது, அவகாசம் கொடுத்தால் வரையறை வந்து திருத்துகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சிட்னிக்கு வரும்போது தேவைப்படும்.

ஏணி சரிந்த இடத்தில் வலை வந்தது. 1975இல் அதே காலின்ஸ், எலிசபெத் லாஃப்டஸுடன் சேர்ந்து தம் பழைய படத்தைத் திருத்தினார். மேல் கீழ் என்ற அடுக்கு இல்லை. கருத்துகள் முடிச்சுகள், உறவுகள் நூல்கள், சில நூல்கள் குட்டை, சில நெடியவை. ஒரு முடிச்சைத் தொட்டால் அதிர்வு நூல் வழியே பரவுகிறது, போகப்போகத் தேய்கிறது. இதற்கான நல்ல சான்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1971இல் டேவிட் மேயர், ரோஜர் ஷ்வானெவெல்ட் இருவரும் எழுத்துக் கோவைகளை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் உண்மையான சொற்கள்தானா என்று மட்டும் கேட்டார்கள். இரண்டும் தொடர்பற்ற சொற்களாக இருந்தால் சராசரியாக 940 மில்லி விநாடி. மருத்துவர், செவிலியர் போலத் தொடர்புள்ளவையாக இருந்தால் 855. பொருளை யாரும் கேட்கவே இல்லை. பொருள் தானாகவே பக்கத்து வீட்டு விளக்கையும் ஏற்றிவிட்டது. இந்த விளைவை எண்ணற்ற முறை திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள், அது திடமானது. வலை என்ற படமோ அப்படியல்ல. எந்தச் சோதனை முடிவு வந்தாலும் நூலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து அதற்கு ஏற்றபடி வரைந்துவிடலாம். பயனுள்ள உருவகம் என்பதற்கு மேல் அதற்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

அது போகட்டும், ஒரு கேள்வி. மோசே தம் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்? "இரண்டு" என்று சொல்லியிருந்தால் வருந்த வேண்டாம். விவிலியக் கதையில் பெருவெள்ளத்திலிருந்து தப்பப் பேழை கட்டியவர் நோவா, மோசே அல்லர். அந்தக் கதையை நன்றாக அறிந்தவர்களே இதில் விழுகிறார்கள் என்று 1981இல் எரிக்சன், மாட்சன் இருவரும் காட்டினார்கள். மோசே, நோவா இருவரும் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வருபவர்கள், இருவர் கதையிலும் கடவுளும் நீரும் உண்டு. நினைவில் அவர்கள் அவ்வளவு அடுத்தடுத்து இருப்பதால், ஒருவர் நாற்காலியில் மற்றவர் வந்து உட்கார்ந்தாலும் கவனிப்பதில்லை. சம்பந்தமே இல்லாத ஒருவர் பெயரைப் போட்டுக் கேட்டால் உடனே பிடித்துவிடுவீர்கள். பிழைகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தால், எது எதற்கு அருகில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். என் தொழிலே ஒரு வகையில் அதுதான்.

அகராதியை முற்றிலும் தள்ளிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதுவும் உள்ளே இருக்கிறது, ஆனால் தனி அறையில். ஒரு பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்று சொல்வோமே, அப்போது அந்த அறையின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம். 1966இல் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும் அரிய சொற்களின் விளக்கத்தைப் படித்துக் காட்டி, மாணவர்களை வேண்டுமென்றே இந்த அவதிக்கு ஆளாக்கினார்கள். சொல் வராமல் தவித்தவர்கள் ஏறத்தாழ 57 விழுக்காடு முறை அதன் முதலெழுத்தைச் சரியாகச் சொன்னார்கள். எத்தனை அசை என்பதும் ஓரளவு தெரிந்தது. கடலில் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் என்ற கருவியைத் தேடியவர்களுக்கு இரண்டு வகையான தவறுகள் வந்தன: திசைகாட்டி போன்ற பொருள் உறவினர்களும், அதே ஓசையுள்ள வேறு சொற்களும். பொருளின் இருப்பு ஒரு முறையில், பெயரின் ஓசை இன்னொரு முறையில். நிகண்டும் அகராதியும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருக்கின்றன. நடுவிலுள்ள கதவுதான் வயதானால் முதலில் இறுகுகிறது. பெயர் மறந்தது என்று பதறி வருபவர்களில் பலருக்குப் பொருள் அப்படியே இருக்கிறது என்று காட்டியே திருப்பி அனுப்புகிறேன்.

பொருளே போய்விடும் நோய்களும் உண்டு, அமைப்பைப் பற்றி அவை சொல்வதுதான் அதிகம். எலிசபெத் வாரிங்டன், டிம் ஷாலிஸ் இருவரும் 1984இல் நால்வரைப் பற்றி எழுதினார்கள். ஹெர்ப்பிஸ் வைரஸால் வந்த மூளையழற்சியிலிருந்து மீண்டவர்கள். அவர்களில் ஒருவரிடம் திசைகாட்டி என்றால் என்ன என்று கேட்டால், போகும் திசையைச் சொல்லும் கருவி என்று ஒழுங்காகச் சொன்னார். கிளி என்றால் தெரியாது என்றார். நெருப்புக்கோழி என்றதற்கு, வழக்கத்துக்கு மாறானது என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. செய்பொருள்கள் பிழைத்திருந்தன, உயிருள்ளவை அழிந்திருந்தன. அப்படியானால் மூளை உயிர் உள்ளதையும் அற்றதையும் வேறு வேறு இடத்தில் வைக்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அதே மனிதருக்கு இசைக்கருவிகளும் போயிருந்தன. வயலினுக்கு உயிர் இல்லை. அதனால் வாரிங்டனும் ஷாலிஸும் வேறு விளக்கம் சொன்னார்கள். கிளியையும் மைனாவையும் பிரித்தறிய நிறமும் உருவமும் வேண்டும். சுத்தியலையும் ரம்பத்தையும் பிரித்தறியப் பயன் போதும். கண்வழி அறிவு கெட்டால் உயிரினங்கள் போகும், பயன்வழி அறிவு கெட்டால் கருவிகள் போகும். இதை மறுப்பவர்களும் வலுவானவர்கள். விலங்கையும் தாவரத்தையும் உடனே அடையாளம் காண்பது உயிர் பிழைக்கத் தேவை, ஆகவே பரிணாமமே அவற்றுக்குத் தனி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்று 1998இல் அல்ஃபோன்சோ கரமாஸ்ஸா, ஜெனிஃபர் ஷெல்டன் இருவரும் வாதிட்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால் முதல் கட்சிப் பக்கம் சாய்வேன், ஆனால் தீர்ப்பு எழுதும் துணிச்சல் இல்லை.

எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது இன்னொரு நோய். பொருண்மை மறதிநோய் என்று தமிழில் சொல்லலாம். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் டெம்போரல் மடலின் முன்நுனி இரு பக்கமும் மெல்லச் சுருங்குகிறது. இவர்கள் வழி மறப்பதில்லை, நேற்று யார் வந்தார்கள் என்பதை மறப்பதில்லை, பேச்சிலும் இலக்கணம் தவறுவதில்லை. சொற்களின் பொருள் மட்டும் வடிந்துகொண்டே போகும். ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே அட்டைகளைக் காட்டினேன். முதல் முறை ஒட்டகத்தைப் பார்த்து, விரலால் திமிலைத் தடவிக்கொண்டே யோசித்து, ஒட்டகம் என்றார். அடுத்த முறை குதிரை என்றார், விரல் திமிலின் மேலேயே இருந்தது, "ஆனால் இது ஏன் வீங்கியிருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். அதற்கடுத்த முறை நாய். கடைசியில் "ஏதோ மிருகம்" என்று சொல்லி, நான் வருத்தப்படுவேனோ என்று நினைத்ததுபோல் சிரித்தார். எந்த நிலையிலும் அதை நாற்காலி என்றோ பேருந்து என்றோ அவர் சொல்லவே இல்லை. கிளையின் நுனி முதலில் உதிர்ந்தது. அடிமரம் கடைசிவரை நின்றது. இந்நோயாளர்கள் ஒரு படத்தைப் பார்த்துச் சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து வரைந்த ஓவியங்களை ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு வாத்துக்கு நான்கு கால்கள். வாத்து என்ற தனிச் செய்தி கரைந்துபோய், விலங்கு என்றால் நாலுகால் என்ற பொது விதி அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது.

ஏணிதான் சரி, மேல்படிகள் பிழைத்திருக்கின்றன என்று இதைப் படித்துக்கொள்ளலாம். இன்று பலரும் ஏற்கும் விளக்கம் வேறு. நிறம், ஒலி, வடிவம், அசைவு, பெயர் ஆகியவை மூளையின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கின்றன. அந்த முன்நுனி அவற்றையெல்லாம் கூட்டிவைக்கும் சந்தி. சக்கரமும் ஆரங்களும் போல. சந்தியில் ஒட்டகமும் குதிரையும் ஏறக்குறைய ஒரே சாயலில் பதிவாகின்றன, சிறு சிறு வேறுபாடுகளோடு. சந்தி தேயும்போது அந்த நுண்ணிய வேறுபாடுகள்தான் முதலில் அழிகின்றன. எல்லா விலங்குக்கும் பொதுவான சாயல் அழிய நாளாகிறது. இங்கே "மிருகம்" என்ற மேல்படி தனியாக எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. பலவற்றின் சாயலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்துக்கு நாம் வைத்த பெயர் அது. ஏணி இல்லாமலே ஏணியின் தோற்றம் எப்படி வரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல விடை இதுதான்.

மூளைப் படங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2016இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜாக் காலன்ட்டின் ஆய்வகம், சிலரை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து மணிக்கணக்கில் கதை கேட்கவைத்து ஒரு வரைபடம் வெளியிட்டது. பொருள்கள் ஒரே இடத்தில் இல்லை. மூளையின் மேற்பரப்பில் இரு பக்கமும் பரந்து கிடந்தன. எண், இடம், உறவு, உடல் என்று பொருள் ஒத்தவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒரே சொல்லுக்குப் பல இடங்கள் துலங்கின. அழகான வரைபடம். ஆனால் துலங்கும் இடமெல்லாம் அந்த அறிவு வசிக்கும் இடம் என்று ஆகிவிடாது. "உதை" என்ற சொல்லைக் கேட்டால் காலை அசைக்கும் பகுதி துலங்குகிறது என்பதை வைத்து, பொருள் என்பதே உடலின் நினைவுதான் என்று சிலர் கொடிபிடிக்கிறார்கள். பிறவியிலேயே பார்வையற்றவர்கள் எந்த நிறம் எதற்கு நெருக்கம் என்பதைப் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே அறிந்திருக்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், அந்தக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதே நியாயம்.

இதுவரை சொன்னதெல்லாம் தனித்தனிப் பொருள்களைப் பற்றி. அறிவு மூட்டையாகவும் கட்டப்படுகிறது. 1981இல் வில்லியம் புரூவர், ஜேம்ஸ் டிரையன்ஸ் இருவரும், சோதனைக்கு வந்தவர்களை ஓர் ஆய்வு மாணவரின் அலுவலக அறை போன்ற ஓர் அறையில் 35 விநாடி காத்திருக்கவைத்தார்கள். பிறகு வேறு அறைக்கு அழைத்துப்போய், அங்கே என்ன இருந்தது என்று கேட்டார்கள். மேசை, நாற்காலி ஏறத்தாழ எல்லோருக்கும் நினைவிருந்தது. சிலர் புத்தகங்கள் இருந்ததாகச் சொன்னார்கள்; அந்த அறையில் ஒரு புத்தகம்கூட இல்லை. படிப்பவர் அறை என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற மூட்டை அவிழ்ந்து, பார்க்காததையும் கண்முன் வைத்துவிட்டது. நாலுகால் வாத்தும் இல்லாத புத்தகமும் அக்கா தங்கைகள். முன்னதற்கு நோய் வேண்டும், பின்னதற்கு அவசரம் போதும்.

உங்கள் தேர்வுக்கு வருகிறேன். உள்ளிருக்கும் ஒழுங்கு பிறவியில் வந்ததல்ல, படிக்கப் படிக்க மாறுவது. 1981இல் மிஷெலின் சியும் அவருடைய குழுவினரும் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். புதியவர்கள் ஸ்பிரிங் கணக்குகள் ஒரு பக்கம், சாய்தளக் கணக்குகள் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஸ்பிரிங்கையும் சாய்தளத்தையும் ஒன்றாக வைத்தார்கள், இரண்டுமே ஆற்றல் அழியா விதியால் தீர்பவை என்பதால். அதிகம் தெரிந்தவரிடம் அதிகச் செய்தி இருக்கிறது என்பது பாதிதான். செய்திகளின் அண்டை அயலே மாறிவிட்டிருக்கிறது. 1969இல் கோர்டன் பவரும் உடனிருந்தவர்களும் 112 சொற்களை ஒரு குழுவுக்கு வகை, உள்வகை என்று கிளைபிரித்துக் காட்டினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே கிளைப்படத்தில் சொற்களைத் தாறுமாறாக இட்டுக் காட்டினார்கள். முதல் முறையிலேயே முன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிச் சொன்னார்கள்; பின்னவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. ஒற்றை வரிச் செய்திகளை வரிசை எண் போட்டுப் பட்டியலாக உருப்போடுவது எவ்வளவு நட்டம் என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் கற்றது எவ்வளவு நாள் இருக்கும் என்றும் ஒரு விடை உண்டு. பள்ளியில் ஸ்பானிய மொழி கற்ற 733 பேரை 50 ஆண்டு இடைவெளிவரை சோதித்த ஹாரி பாரிக், முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் நிறைய உதிர்கிறது, மிஞ்சியது பிறகு 30 ஆண்டுகள்வரை அசையாமல் நிற்கிறது என்று 1984இல் எழுதினார்.

கடைசியாகச் சிட்னி. ஆஸ்திரேலியா என்ற முடிச்சை உங்களுக்குள் தொட்டால் சிட்னிக்குப் போகும் நூல்கள் ஏராளம்: இசை அரங்கின் படம், துறைமுகப் பாலம், ஒலிம்பிக், கிரிக்கெட். "தலைநகர்" என்ற சொல்லும் பெரிய, பேர்பெற்ற நகரம் என்ற சாயலைத்தான் முதலில் எழுப்புகிறது. பாரிஸும் லண்டனும் அப்படிப் பழக்கிவிட்டன. இரண்டு பக்கமிருந்தும் சிட்னி துலங்குகிறது. கான்பெராவுக்கு உங்களிடம் இருப்பது ஒற்றை நூல், "தலைநகர்: கான்பெரா" என்ற ஒரு வரி. 3 என்பதே நல்ல ஒற்றைப்படை எண் என்று தோன்றுவதும் இதே வேகத்தில்தான். உங்களுக்குள் எதுவும் கலைந்துவிடவில்லை; எல்லோருக்கும் உள்ள அதே ஒழுங்கு உங்களுக்கும் இருப்பதால்தான் இந்தப் பிழை வருகிறது. சிட்னியின் நூல்களை அறுக்க வழியில்லை. கான்பெராவுக்கு நூல் கூட்டலாம். சிட்னியும் மெல்போர்னும் தலைநகர்ப் பட்டத்துக்குப் போட்டியிட்டன, இருவருக்கும் பொதுவாக இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பகுதியை 1908இல் தேர்ந்தெடுத்தார்கள், 1913இல் நகருக்குப் பெயர் சூட்டினார்கள், 1927இல்தான் நாடாளுமன்றம் மெல்போர்னிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. இந்தக் கதைக்குள் சிட்னியே கான்பெராவுக்கு வழிகாட்டும் நூலாக மாறிவிடுகிறது. இன்னொன்று: உறுதியாக நம்பிச் சொன்ன தவறு திருத்தப்பட்டால், அரைமனதாகச் சொன்ன தவறைவிட அது நன்றாகப் பதிகிறது என்று 2001இல் பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் இருவரும் காட்டினார்கள். ஆகவே அடுத்த முறையும் சிட்னி என்றே முதலில் வாயில் வரலாம், வரட்டும். அது வந்ததும் போட்டியில் தோற்ற நகரம் என்ற நினைப்பும் கூடவே வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.